எத்தனை ஔவை, எத்தனை அகத்தியர்?

நூலின் தலையில் எழுதியுள்ள பெயரும் நூலின் உள்ளே நிற்கும் மொழியும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதபோது நம் இலக்கிய வரலாற்றாசிரியர் கைக்கொள்ளும் யுக்தி ஒன்றுண்டு. ஆண்டு ஆண்டாகக் கைக்கொண்டு, அது இப்பொழுது சித்தாந்தமாகவே உறைந்துவிட்டது. அதியமானைப் பாடிய ஔவைக்கும் விநாயகர் அகவல் பாடிய ஔவைக்கும் நடுவே சொல்லிலும் யாப்பிலும் வழிபாட்டிலும் பல நூற்றாண்டுகளின் தூரம் தெரிகிறதா? அப்படியானால் ஔவையார் இருவர். ஆத்திசூடியும் ஔவைக்குறளும் அவ்விருவருக்குள்ளும் அடங்க மறுக்கின்றனவா? அப்படியானால் மூவர், நால்வர். அறுவர் வரை எண்ணிக் காட்டியவரும் உண்டு. நக்கீரர் மூவர், கபிலர் இருவர், பரணர் இருவர், வள்ளுவர் இருவர், அகத்தியரோ என்றால், எண்ணப் புகுந்தவருடைய பொறுமையே எல்லை. பள்ளிக்கூடத்துப் பாடநூல் முதல் பல்கலைக்கழகத்து ஆய்வேடு வரை, "இவர் அவரின் வேறானவர், பிற்காலத்தவர்" என்னும் வாக்கியம் ஐயமற்ற உண்மைபோல அச்சேறுகிறது. அந்தப் பிற்காலத்தவர் எவ்வூரார், யார் மகன், யாரிடம் கற்றார், எந்தக் கல்வெட்டு அவரை அறியும் என்று கேட்பாரும் இல்லை; கேட்டால் விடை சொல்வாரும் இல்லை.

இக்கொள்கைக்கும் ஒரு காலத்தில் ஒரு பயன் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அகத்தியர் பெயரால் வழங்கும் அனைத்தையும் பொதிகை முனிவரே யுகங்களுக்கு முன் அருளினார் என்ற நம்பிக்கையை எதிர்த்து எழுந்தது அது. நெல்லிக்கனி உண்ட பயனால் ஔவை நெடுங்காலம் வாழ்ந்து, அதியமானையும் கண்டாள், கம்பனையும் ஒட்டக்கூத்தனையும் கண்டாள் என்று கதை சொன்னவர்களுக்கு எதிரே, மொழி மாறும், சமயம் மாறும், ஆகையால் நூலின் காலத்தை நூலைக்கொண்டே அளக்க வேண்டும் என்று துணிந்து நின்றவர்கள் செய்தது சிறு காரியம் அன்று; கால நிர்ணயம் செய்ததற்காக வையாபுரிப்பிள்ளை வாங்கிய வசையைத் தமிழுலகம் இன்னும் மறக்கவில்லை. எனினும் நூலின் காலத்தைக் கண்டறிவது ஒரு காரியம். அந்தக் காலத்தில் அதே பெயருள்ள ஆள் ஒருவரைப் பிறப்பித்து உலவவிடுவது முற்றிலும் வேறொரு காரியம். முன்னதற்கு ஆதாரம் நூலிலேயே கிடக்கிறது. பின்னதற்கு எங்கும் இல்லை. நெல்லிக்கனிக் கதை ஓர் ஔவையின் ஆயுளை நீட்டியது. வரலாற்றாசிரியரின் கதை அவளைப் பலராகப் பெருக்கியது. தலைப்பிலுள்ள பெயர் பொய்யாகிவிடாமல் காப்பதுதான் இரண்டு கதைகளுக்கும் வேலை.

பதினோராந் திருமுறையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பன்னிருவர் பாடிய 40 நூல்கள் என்று சைவர் போற்றும் அத்தொகுதியில் நக்கீரதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார் என்று நான்கு பெயர்கள் காணப்படுகின்றன. நான்கும் சங்கப் புலவர் பெயர்கள். கபிலர் பெயரில் நிற்கும் மூன்று நூல்களுள் முதலாவது மூத்த பிள்ளையாரைப் பாடும் இரட்டைமணிமாலை. பாரியின் உயிர்த்தோழராகிய கபிலரோ யானைமுகக் கடவுளை அறியார். நக்கீரர் பெயரிலும் கல்லாடர் பெயரிலும் தனித்தனியே கண்ணப்பதேவர் திருமறம் உண்டு. கண்ணப்பர் சரித்திரம் எட்டுத்தொகையில் எங்கும் இல்லை. அந்தாதியும் மும்மணிக்கோவையும் எழுகூற்றிருக்கையும் சங்கத்தார் கையாண்ட வகைகளும் அல்ல. ஆகவே நூல்கள் பிற்காலத்தன என்பதில் எனக்குத் தகராறு இல்லை. தகராறு அதற்கு அடுத்த படியில்தான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுகிற நாட்டில் ஒரு பெயர் மீண்டும் தோன்றுவதில் வியப்பில்லை என்கிறார்கள். மெய்தான். ஆனால் மதுரைச் சங்கத்தைப் பற்றிய கதைகளில் பிரியாமல் சேர்ந்தே வருகின்ற நக்கீரர், கபிலர், பரணர் என்ற அதே மூன்று பெயர்கள், கூடவே கல்லாடர் என்ற நான்காவதும், சில பல நூற்றாண்டுகள் கழித்து யாதொரு உத்தேசமும் இன்றி நான்கு சைவப் புலவர்களுக்கு வாய்த்து, அந்நால்வரும் பந்தியில் அமர்ந்தாற்போல ஒரே திருமுறையில் வந்து அமர்ந்தார்கள் என்று சொன்னால், அதை எந்தத் தர்க்கம் ஒப்பும்? பெயர்கள் தாமாக வரவில்லை, எடுத்து அணியப்பட்டன. சங்கத்தின் தலைமைப் புலவர்களே சிவபெருமானின் அடியவர்கள் என்று காட்ட விரும்பிய ஒரு சமயப் பரம்பரை, தன் பாட்டுக்களை அவர்கள் வாயில் வைத்துப் பாடியது.

"தேவ நாயனார் என்ற அடைமொழி இருக்கிறதே, அதுவே இவர் வேறானவர் என்று காட்டவில்லையா?" என்று ஒரு நண்பர் மிகுந்த நம்பிக்கையோடு கேட்டார். காட்டவில்லை. அதே திருமுறையில் அதே நக்கீரதேவ நாயனாருடைய பத்து நூல்களுள் ஒன்றாகத் திருமுருகாற்றுப்படையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பத்துப்பாட்டின் முதற்பாட்டாகிய அதே திருமுருகாற்றுப்படை. தொகுத்தவர்கள் இரண்டு நக்கீரரை அறிந்திருந்தால் அந்நூல் அங்கே வந்திராது. பின்வந்த பரஞ்சோதி முனிவரும், தருமிக்குக் கிடைத்த பாட்டில் குற்றம் கண்டு இறைவனின் சினத்துக்கு ஆளான கீரனே கயிலைபாதி காளத்திபாதி அந்தாதியையும் கோபப் பிரசாதத்தையும் பாடி அருள் பெற்றான் என்றுதான் திருவிளையாடலில் பாடி வைத்தார். சைவ மரபு முழுவதும் ஒரே நக்கீரரைத்தான் கண்டது. இரண்டாமவரைக் கண்டவை நம் காலத்து ஆய்வு மேசைகள்.

இன்னும் ஒன்று. அதே பதினோராந் திருமுறையின் முதல் நூல் திருமுகப் பாசுரம். பாணபத்திரரின் வறுமை தீர்க்கும்படி சேரமான் பெருமாளுக்கு எழுதிய ஓலை. அதன் ஆசிரியர் திருவாலவாயுடையார், அதாவது மதுரைச் சொக்கநாதர். ஒரே பெயரில் பலர் என்ற கொள்கையினர் இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் ஏன் வாய்பேசாமல் கடந்து போகிறார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. 'பிற்காலத்துச் சொக்கநாதர்' என்று எழுத அவர்களுக்கும் கை வராது போலும்.

நூலுக்குப் பெயர் கொடுப்பவர் ஒருவர், எழுதி முடிப்பவர் வேறொருவர் என்ற நிலையை நம் முன்னோர் மறைக்கவும் இல்லை. களவியல் என்றும் வழங்கும் இறையனார் அகப்பொருளைக் காண்க. 60 சூத்திரங்களையும் செய்தவர் ஆலவாயில் அவிர்சடைக் கடவுள். உரை கண்டவர் நக்கீரர். அதோடு நிற்காமல், அவ்வுரை நக்கீரர் தம் மகனார் கீரங்கொற்றனாருக்கு உரைக்க, அவர் தேனூர் கிழாருக்கு உரைக்க, இவ்வாறே ஒருவர்பின் ஒருவராக வாய்வழியே இறங்கி, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை வந்தது என்று உரையே கணக்குச் சொல்கிறது. உள்ளே மேற்கோளாக வரும் கோவைச் செய்யுட்களோ நெல்வேலியிலும் சங்கமங்கையிலும் வென்ற நெடுமாறனைப் புகழ்வன; ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் அவன். இப்படி ஒரு பரம்பரையின் பெயர்ப்பட்டியலையே நூலின் வாயிலில் தொங்கவிட்டிருக்கும்போது, 'களவியல் உரை செய்த நக்கீரர்' என்று மூன்றாம் ஆளை ஏன் தேட வேண்டும்? நக்கீரர் என்பது அங்கே அதிகாரத்தின் பெயர். நீலகண்டனார் என்பது கையின் பெயர். உரைகாரருக்கே தெரிந்திருந்த வேறுபாடு உரையைப் படித்தவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

உண்மையிலேயே ஒரு பெயரில் இருவர் இருந்தபோது பழந்தமிழர் என்ன செய்தார்கள் என்பதற்கும் சான்று உண்டு. சங்கத் தொகைகளில் சாத்தனார்கள் பலர். ஒக்கூர் மாசாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்று ஊராலும் தொழிலாலும் உடற்குறியாலும் பிரித்து எழுதினார்கள். நக்கீரனாரையே மதுரைக் கணக்காயனார் மகனார் என்று தந்தையோடு சேர்த்துக் குறித்தார்கள். ஆள் வேறென்று அறிந்த இடத்தில் வேறென்று சொல்லத் தெரிந்தவர்கள், ஔவைக்கும் அகத்தியருக்கும் மட்டும் அடைமொழி இன்றி விட்டது மறதியால் ஆகுமா? புதிய நூலைச் செய்தவர் தம்மைப் பழைய பெயரிலிருந்து பிரித்துக்கொள்ள விரும்பவில்லை. பிரித்தால் நூல் செய்த நோக்கமே கெட்டுப் போகும். அன்றி, விஷ்ணு புராணம் யுகந்தோறும் ஒருவராக 28 வியாசர்களை எண்ணுகிறதே என்று எதிர்வாதம் செய்வார் உண்டு. அந்தக் கணக்கு என் கட்சிக்கே துணை. அங்கே வியாசர் என்பது வேதத்தை வகுக்கும் ஸ்தானம். துவாபரம் வரும்போதெல்லாம் அதில் ஒருவர் அமர்கிறார். அமர்ந்தவர்களின் சொந்தப் பெயர்களையும் அப்புராணம் தனியே தருகிறது.

மேலை நாட்டார் இதே சிக்கலை எப்படி அவிழ்த்தார்கள் என்று பார்ப்பதில் தவறில்லை. ஆதாமுக்கு ஏழாந் தலைமுறையான ஏனோக்கு எழுதியது என்று சொல்லப்பட்ட ஆகமம் ஒன்று உண்டு. புதிய ஏற்பாட்டில் யூதாவின் நிருபம் அதிலிருந்து எடுத்துப் பேசுகிறது. ஐரோப்பாவில் அது மறைந்து போயிற்று. எத்தியோப்பியாவின் சபை மட்டும் தன் பழைய கீஸ் மொழியில் அதைக் காத்து வைத்திருந்தது. ஜேம்ஸ் புரூஸ் என்ற பிரயாணி 1773இல் அதன் பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்; 1821இல் லாரன்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்தார். பிறகு சாக்கடலோரத்துக் கும்ரான் குகைகளில் அதன் அரமேய மூலத்தின் சிதறிய துண்டுகள் அகப்பட்டு, 1976இல் மிலிக் அவற்றைப் பதிப்பித்தார். அத்துண்டுகள் சொன்ன செய்தி வியப்பானது. எத்தியோப்பியப் பிரதியில் நடுவே நிற்கும் 'உவமைகள்' என்ற பெரும்பகுதியின் ஒரு துணுக்கும் கும்ரானில் இல்லை. ஒரே கட்டாகக் கட்டி வந்த அந்த ஆகமம், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகளால் எழுதப்பட்ட நூல்களின் சேர்க்கை என்று இவ்வாறு உறுதியாயிற்று. ஸ்லாவ் மொழியில் ஏனோக்கின் பெயரால் மற்றொரு நூலும், எபிரேய மொழியில் இன்னொரு நூலும் உண்டு. அறிஞர்கள் அவற்றை முதல் ஏனோக்கு, இரண்டாம் ஏனோக்கு, மூன்றாம் ஏனோக்கு என்று எண்ணினார்கள். எண்ணியது நூல்களை. மூன்று ஏனோக்குகள் பிறந்து வாழ்ந்து நூல் செய்தார்கள் என்று அவர்களில் ஒருவரும் எழுதவில்லை. நாமோ நூல்களை ஒழுங்காக எண்ணிப் பட்டியலிடும் சிரமத்தை விட்டுவிட்டு, ஆட்களை எண்ணத் தொடங்கினோம்.

இவ்விஷயத்தில் என் சொந்த ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோலார் தங்கவயல் பக்கத்துப் பூதிகோட்டை ஹைதர் அலி பிறந்த ஊர். அவர் பிறந்த ஆண்டு 1720 என்பாரும் உண்டு, 1722 என்பாரும் உண்டு. ஆண்டு ஒவ்வவில்லை என்பதற்காக ஹைதர்கள் இருவர் என்று இதுவரை எவரும் சொல்லக் கேட்டதில்லை. அவர் புலவராக இருந்து, நூலும் செய்திருந்தால் தப்பியிருக்கமாட்டார்.

சித்தர் நூல்களில்தான் இக்கொள்கை செய்யும் சேதம் முழுவதும் தெரியும். அகத்தியர் பரிபூரணம் 400, அகத்தியர் வைத்திய காவியம் 1500, அகத்தியர் பன்னீராயிரம் என்று தொடங்கி அவர் பெயரால் வழங்கும் சுவடிகள் நூற்றுக்கணக்கில் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் தஞ்சைச் சரஸ்வதி மகாலிலும் வைத்தியர் வீட்டுப் பரண்களிலும் கிடக்கின்றன. முனிவர் புலத்தியனை அழைத்துப் "பாரப்பா, கேளப்பா" என்று சொல்லிச் செல்லும் விருத்தங்கள் அவை. இவ்வகை வைத்திய நூல்களில் பறங்கிப்பட்டை வருகிறது. போர்ச்சுகீசியரின் வருகைக்குப் பின், பதினாறாம் நூற்றாண்டில் இந்நாட்டில் பரவிய சரக்கு அது, பெயரே சாட்சி. தலைப்பில் 400 என்று இருக்கும். ஏட்டை எண்ணினால் கூடியோ குறைந்தோ நிற்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இன்றி, மெய்க்குப் புள்ளி இன்றி எழுதிய ஓலையைப் படித்துப் படியெடுத்த ஒவ்வொருவரும் வைத்தியராகவும் இருந்தமையால், தம் கையில் பலித்த முறையொன்றைச் சேர்ப்பதும், பலிக்காத முறையொன்றை விடுவதும் அவர்களுக்குப் பாவமாகத் தோன்றவில்லை. தங்கவயலில் ஒரு நாட்டு வைத்தியர் குடும்பத்தில் நான் பார்த்த ஏடு ஓலையே அன்று; சுரங்கக் கம்பெனி நாளில் கணக்கெழுதப் பயன்பட்ட நீளமான நோட்டு. முதற்பக்கத்தில் 'அகத்தியர் அருளிச் செய்தது' என்று மையால் எழுதி, கீழே பிள்ளையார் சுழி. உள்ளே, சுரங்கத் தூசியால் வரும் இளைப்புக்கும் இருமலுக்கும் ஒரு சூரணம். மிளகும் திப்பிலியும் வராகனெடையில் தொடங்குகின்றன, இரண்டு வரி தள்ளித் தேன் அவுன்ஸில் முடிகிறது. கொள்கைப்படி நடப்பதானால் நாம் இப்பொழுது அவுன்ஸ் அறிந்த அகத்தியர் ஒருவரைத் தங்கவயல் மாரிகுப்பத்தில் குடியேற்ற வேண்டும்.

வேடிக்கை கிடக்கட்டும். அந்த நோட்டு எனக்குக் காட்டியது வேறு. நடு இரவில் பாதாளத்துக்கு இறங்கிய ஒருவரின் மார்புச்சளிக்கு மருந்து வகுத்த கை எதுவோ, அதற்குத் தன் பெயரை எழுதும் ஆசை இல்லை. மருந்து உண்பவனுக்கு நம்பிக்கை வேண்டும், பரம்பரை அறுபடாமல் இருக்க வேண்டும், ஆகவே அகத்தியர். இதைப் பொய் என்பதா? உள்ளே மருந்து மெய்யாக இருக்கிறது, நோயும் மெய்யாக இருக்கிறது. பிற்கால அகத்தியர் என்று ஒரு கற்பனை முனிவரை நடுவே நிறுத்தினால், மெய்யான அந்தக் கை மறைகிறது. அது வாழ்ந்த தெருவும் காலமும் மறைகின்றன. சுவடிப் பதிப்பும் இதனால் கெடுகிறது. ஆசிரியர் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் அவர் எழுதிய மூலபாடம் ஒன்று இருந்தாக வேண்டும். பிரதிகளில் காணும் மாறுபாடெல்லாம் அதன் சிதைவு. பதிப்பாசிரியரின் கடமை அவற்றைக் களைவது. குறளுக்குப் பொருந்தும் இந்நியமத்தைச் சித்தர் ஏட்டில் நடத்தினால், களையப்படுவதுதான் சரித்திரம். அவுன்ஸும் பறங்கிப்பட்டையும் பாடபேதம் என்று அடிக்குறிப்புக்குப் போய்விடும்.

எதிர்ப்பக்கத்தில் வேறொரு கூட்டம் நிற்கிறது. பெயர் உண்மையன்று என்று காட்டினாயே, ஆகவே அந்நூல்கள் யாவும் போலி, குப்பையில் எறி என்பது அவர்கள் தீர்ப்பு. போலிநூல் உலகில் இல்லாமல் இல்லை. 1917இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றென நம்பிப் பதிப்பித்த இன்னிலை அப்படிப்பட்டது. அந்தப் பெரியவரின் பழந்தமிழ்ப் பற்றை யாரோ ஒருவர் விலையாக்கிக்கொண்டார். அதைவிடப் பேர்போனது எசுர்வேதம். வியாசருக்கும் சுமந்துவுக்கும் நடக்கும் சம்பாஷணையாக, வேதத்தின் பெயரைத் தாங்கி, உள்ளே இந்நாட்டுச் சமய வழக்கங்களைக் கண்டிக்கும் பிரெஞ்சு நூல் அது. 1760இல் அதன் கையெழுத்துப் பிரதி வால்தேரின் கையில் சேர்ந்தது, அலெக்சாந்தர் காலத்துக்கும் முற்பட்ட பிராமண ஞானம் என்று மெச்சி, அவர் அதை மன்னரின் நூலகத்துக்கு அனுப்பினார், 1778இல் அச்சாயிற்று. புதுச்சேரியில் பாதிரிமாரிடம் கிடந்த மூலங்களைப் பார்வையிட்டு, இது வேதமன்று, வேதத்தின் சாயலில் கிறிஸ்தவப் பாதிரிகள் செய்தது என்று விரிவாக நிறுவியவர் நம் சென்னைக் கலெக்டர் எல்லிஸ். அவர் 1819இல் இறந்த பின், 1822இல் அக்கட்டுரை 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' தொகுதியில் வெளிவந்தது. ஆனால் பொய்யைக் கண்ட அந்தக் கூரிய புத்தியும் ஆள் ஒருவரைக் காட்டாமல் அமைதி கொள்ளவில்லை. தத்துவபோதகர் என்று மதுரையில் விளங்கிய நோபிலியின் தலையில் அதைச் சுமத்திற்று. 1984இல் லூடோ ரோஷர் ஆராய்ந்து, நோபிலிக்கு அதில் சம்பந்தமில்லை, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஏசு சபையாரின் வேலை அது என்று காட்டும் வரை அந்தப் பழி நீங்கவில்லை. ஆளைத் தேடும் அவசரம் எல்லிஸையே சறுக்கவிட்டது என்றால் மற்றவர்களை என் சொல்வது!

எசுர்வேதத்துக்கும் அகத்தியர் 400க்கும் உள்ள வேற்றுமை குழந்தைக்கும் விளங்கும். முன்னது, ஒரு பரம்பரைக்கு வெளியே நின்றவர் அதன் பெயரை இரவல் வாங்கி அதையே இடிக்கச் செய்தது. பின்னது, பரம்பரைக்குள் நின்றவர் அதை நீட்டிக்கச் செய்தது. இரண்டையும் ஒரே சொல்லால் தள்ளுவது சோம்பல்.

எல்லிஸின் பெயரை எடுத்ததும் தங்கவயல்காரர்களுக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வரும். எல்லிஸ் காலத்தில் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த கந்தப்பன் என்பவர், தம் வீட்டிலிருந்த திருக்குறள் முதலிய ஏடுகளை அத்துரையின் மூலம் எல்லிஸிடம் சேர்ப்பித்தார் என்று அவருடைய பேரர் எழுதி வைத்தார். அந்தப் பேரர் அயோத்திதாசப் பண்டிதர். 1898இல் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கிய அவருக்கு, சென்னைக்கு வெளியே இருந்த பெரிய துணை கோலார் தங்கவயலின் தொழிலாளர் கூட்டமே. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் நடந்தது, பண்டிதர் 1914இல் மறைந்த பின் ஜி.அப்பாதுரையார் பொறுப்பில் 'தமிழன்' தங்கவயலிலிருந்தே வெளிவந்தது, பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. அந்தப் பண்டிதர், நாரதீய புராண சங்கைத் தெளிவு என்னும் தமிழ்ச் செய்யுள் நூலொன்றை அசுவகோஷருடையது என்று எடுத்தாண்டார். அசுவகோஷரோ புத்த சரிதம் பாடிய வடமொழிக் கவி, கி.பி. முதலிரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர். பண்டிதரின் எதிரிகள் இதைக் காட்டி, அவர் சரித்திரமே புனைவு என்று ஒரே வீச்சில் ஒதுக்குவார்கள். பண்டிதரின் அன்பர்கள், தமிழில் வேறோர் அசுவகோஷர் இருந்தார் என்று கேடயம் பிடிப்பார்கள். எதிரிகளின் வாளும் அன்பர்களின் கேடயமும் ஒரே பட்டறையில் அடித்தவை: பெயர் மெய்யாக இருந்தால்தான் நூலுக்கு மதிப்பு என்பது அந்தப் பட்டறை.

நான் கேட்பது இது. ஒரு தமிழ் ஏடு தன்னை அசுவகோஷருக்கு உரியதாக்கிக்கொண்டதானால், தமிழ்நாட்டில் எந்தக் கூட்டத்தார் அசுவகோஷரின் பெயரை நினைவில் வைத்திருந்தார்கள்? எந்த வழியாக அந்நினைவு வந்தது? தமிழையே அவலோகிதன்பால் அகத்தியர் கேட்டார் என்று பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் வீரசோழியத்தில் பாடினாரே, அந்த மரபின் வேர் எவ்வளவு தூரம் ஓடியது? இக்கேள்விகளுக்கு 'வேறோர் அசுவகோஷர்' என்ற விடை கதவை அடைக்கிறது. ஞானவெட்டியானும் இப்படித்தான். திருவள்ளுவ நாயனார் அருளியது என்று முகப்பில் அச்சிட்டு விற்கும் அந்நூல் குறளாசிரியர் செய்தது அன்று. அதன் நடை தெரிந்த எவரும் சொல்வர். அதனால் என்ன? பிணம் சுடும் வெட்டியானின் குரலில் ஞானம் பேசவந்த ஒருவர், தமிழில் யாருடைய நாவுக்கு நிகரில்லையோ அவருடைய பெயரையே எடுத்து அணிந்தார். தாழ்ந்தவன் என்று ஊர் ஒதுக்கிய வாயிலிருந்து வள்ளுவர் பேசுகிறார் என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்த உரத்தைப் 'பிற்காலத் திருவள்ளுவர், வைத்தியர், வரலாறு விளங்கவில்லை' என்று ஒன்றரை வரியில் அடக்கம் செய்துவிட்டன நம் அகராதிகள்.

எல்லா இடத்திலும் இக்கொள்கை தவறு என்று நான் சாதிக்கவில்லை. பட்டினத்தார் விஷயத்தில் எனக்கே தயக்கம் உண்டு: பதினோராந் திருமுறைப் பட்டினத்துப் பிள்ளையாரும், பத்திரகிரியாரின் குருவாகக் கதைகளில் உலவும் சித்தரும் இரண்டு ஆட்களாக இருந்திருக்கலாம், காவிரிப்பூம்பட்டினத்தான் என்பது எவருக்கும் வாய்க்கக்கூடிய ஊர்ப்பெயர். ஆதாரம் கிடைத்தால் ஆளை ஏற்பதில் எனக்குத் தடையில்லை. தகப்பன் பெயர் வேண்டும், ஊர் வேண்டும், அவரைக் கண்டறிந்த வேறொருவர் வாக்கு வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் வேண்டும். நடை வேறாக இருக்கிறது என்பது நடை வேறாக இருப்பதற்கு மட்டுமே ஆதாரம்.

ஆகையால் இலக்கிய வரலாறு எழுதுவோரையும் பாடநூற் குழுவினரையும் நான் வேண்டிக்கொள்வது: ஔவையார் பெயரில் வழங்கும் நூல்கள் என்று எழுதுங்கள், அவற்றை எண்ணுங்கள், ஒவ்வொன்றின் காலத்தையும் சுவடிகளையும் சொல்லுங்கள், மூன்றாம் ஔவையார் என்ற அம்மையாரை நீக்கிவிடுங்கள். தங்கவயல் வாசகர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள் உண்டு. 2001இல் சுரங்கம் மூடியது முதல் லைன் வீடுகளைக் காலிசெய்து பெங்களூருக்குப் போகிறவர் ஓயவில்லை. போகும்போது பழைய பெட்டிகளைப் பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுகிறார்கள். மாரிகுப்பத்திலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ராபர்ட்சன்பேட்டையிலோ பூதிகோட்டையிலோ உங்கள் வீட்டுப் பரணில் அகத்தியர் பெயரோ போகர் பெயரோ எழுதிய ஏடும் நோட்டும் இருந்தால், விற்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனிலாவது படமெடுத்து, எழுதிய கை உங்கள் குடும்பத்தில் யாருடையது என்று பாட்டியிடம் கேட்டு, அந்தப் பெயரைப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.